டச்பே கடற்கரையின் காலை வெயிலைக் கணினியில் உருவாக்குதல்: ஒரு முழுமையான வழிகாட்டி

வெளிப்புறக் காட்சிகளைக் கணினியில் உருவாக்கப் பழகும் நம் இளைஞர்களில் பலர், மரத்தையும் மணலையும் படகையும் செய்து முடித்த பின்னரே ஒளியைப் பற்றி யோசிக்கிறார்கள். அதற்குள் களைத்துப்போய், இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு வானப் படத்தை இறக்கிப் பின்னணியாக மாட்டிவிடுகிறார்கள். தென்னையும் வள்ளமும் திருகோணமலையினுடையவையாக இருக்க, அவற்றின் மீது விழும் வெயில் மட்டும் வட ஐரோப்பாவின் இலையுதிர்கால வெயிலாக அமைந்துவிடுகிறது. பார்ப்பவரால் காரணம் சொல்ல முடியாவிட்டாலும், இது நம் ஊர் இல்லை என்பது ஒரே பார்வையில் அவருக்குத் தெரிந்துவிடும். ஆகவே இந்த வழிகாட்டி ஒளியில் தொடங்குகிறது. பொருள்கள் அனைத்தும் அந்த ஒளிக்குள்தான் வைக்கப்படுகின்றன.

எடுத்துக்கொள்ளும் காட்சி இது: திருகோணமலையின் டச்பே கடற்கரையில் நின்றபடி வடகிழக்கே, கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையைப் பார்க்கிறோம். முன்னால் மணலும் கரையேற்றிய வள்ளமும் கிடுகு வேய்ந்த ஒரு வாடியும், பக்கத்தில் ஒரு தென்னையும், வலப்புறம் திறந்த கடலும் உள்ளன. மார்ச் மாதம் 21ஆம் திகதி, காலை 7.30 மணி. மென்பொருள் பிளெண்டர், அதற்குள் இருக்கும் சைக்கிள்ஸ் என்ற ரெண்டர் இயந்திரம், அதாவது அமைத்த காட்சியைப் படமாகக் கணக்கிட்டுத் தரும் பகுதி. இது இலவசமானது என்பதோடு, ஒளிக்கதிர்கள் பொருளுக்குப் பொருள் தெறித்துச் செல்வதை இயற்பியல் விதிப்படி பின்தொடர்கிறது. அந்தக் கணக்கின் அடிப்படைச் சமன்பாட்டை ஜேம்ஸ் கஜியா 1986இல் வெளியிட்டார். வேறு மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கும் கீழே உள்ள எண்கள் அப்படியே பொருந்தும். பொத்தான்களின் பெயர்கள் மட்டுமே மாறும்.

கடற்கரையில் சேகரிக்க வேண்டியவை

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு காலைப்பொழுதைக் கடற்கரைக்கு ஒதுக்குங்கள். கைத்தொலைபேசியின் கமராவே போதும். ஆனால் வெளிப்பாட்டை, அதாவது படத்துக்குள் எடுத்துக்கொள்ளும் ஒளியின் அளவை, அதுவாகவே மாற்றிக்கொள்ளாதபடி கைமுறை அமைப்புக்கு மாற்றிவிட வேண்டும். மலையின் விளிம்பு, பாறையில் மழைநீர் வழிந்த கறை, ஈர மணலும் காய்ந்த மணலும் சேரும் கோடு, வாடிக்குள் இருக்கும் நிழல், தென்னையின் நிழல் மணலில் விழும் விதம் ஆகியவற்றைத் தனித்தனியாகப் படமெடுங்கள்.

இவற்றைவிட முக்கியமான ஒன்று உண்டு. வெள்ளைத் தாள் ஒன்றை மணலில் தட்டையாக விரித்து, வெயில் படும்போது ஒரு படம் எடுங்கள். பின்னர் சற்றுத் தள்ளி நிற்கும் ஒருவர் பலகை ஒன்றைப் பிடித்துச் சூரியனை மட்டும் மறைக்க, அதே தாளை இன்னொரு படம் எடுங்கள். இரண்டு படங்களிலும் தாள் ஒரே வெளிச்சத்தில் தெரிவதற்கு ஷட்டர் வேகத்தை எவ்வளவு மாற்ற வேண்டியிருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்டொப் எனப்படும் வெளிப்பாட்டுப் படி ஒளியின் அளவில் இரண்டு மடங்கு. வெயிலுக்கும் நிழலுக்கும் இடையிலான இந்த விகிதம்தான் வெளிப்புறக் காட்சியின் உயிர்நிலை. தெளிந்த வானத்தில், நண்பகலில் நிலத்துக்கு வரும் மொத்த ஒளியில் 10 முதல் 20 சதவீதம் மட்டுமே வானத்திலிருந்து பரவி வருவது; மீதி நேரடிச் சூரிய ஒளி. சூரியன் தாழத் தாழ வானத்தின் பங்கு கூடுகிறது. அன்றைய காலையில் அது எவ்வளவு என்பதை அந்தத் தாள் உங்களுக்குச் சொல்லும்.

அளவும் கமராவும்

பிளெண்டரில் ஓர் அலகு ஒரு மீற்றராக இருக்கட்டும். எல்லாவற்றையும் உண்மை அளவிலேயே அமையுங்கள். வானம், மூடுபனி, அலை ஆகிய மூன்றும் மீற்றர் கணக்கில் இயங்குவதால், வள்ளத்தை இருபது மீற்றர் நீளத்துக்குச் செய்துவிட்டால் மற்ற எல்லாக் கணக்குகளும் குலைந்துவிடும். பச்சை அச்சின் நேர்த்திசையை வடக்கென்றும், சிவப்பு அச்சின் நேர்த்திசையைக் கிழக்கென்றும் தொடக்கத்திலேயே தீர்மானித்து, அதை மாற்றாதீர்கள்.

கமராவை மணலுக்கு மேலே 1.6 மீற்றர் உயரத்தில், நிற்கும் மனிதரின் கண்மட்டத்தில் வையுங்கள். 36 மில்லிமீற்றர் அகல சென்சர், 50 மில்லிமீற்றர் லென்ஸ். திசை வடக்கிலிருந்து கிழக்காக ஏறத்தாழ 28 பாகை. அதாவது எக்ஸ் சுழற்சி 90, இசட் சுழற்சி −28. மலை ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பதால், கமரா எவ்வளவு தூரம் வரை காட்டும் என்பதைத் தீர்மானிக்கும் கிளிப் எண்ட் எல்லையை 20,000 மீற்றருக்கு உயர்த்தாவிட்டால் மலையும் அடிவானமும் படத்தில் வராமலே போகலாம்.

இங்கே ஒரு சிறு கணக்கு, பின்னால் வரும் பல நாள் உழைப்பை மிச்சப்படுத்தும். மலை 1,300 மீற்றர் தொலைவில் இருப்பதாகக் கொண்டால், அந்தத் தூரத்தில் இந்த லென்ஸ் காணும் அகலம் 1,300 × 36 ÷ 50, அதாவது 936 மீற்றர். 1,920 பிக்சல் அகலமுள்ள படத்தில் ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ அரை மீற்றர் கிடைக்கிறது. கோபுரத்தின் சிற்பங்களைத் தனித்தனியாகச் செதுக்குவதால் பயனில்லை; அவை அனைத்தும் ஓரிரு பிக்சல்களுக்குள் அடங்கிவிடும். அந்த உழைப்பை வானத்துக்கு எதிரே தெரியும் கோபுரத்தின் வெளிக்கோட்டைச் சரியாக அமைப்பதற்குச் செலவிடுங்கள். அந்தக் கோட்டை நம் ஊரார் நாள்தோறும் பார்க்கிறார்கள். அது சற்றே பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சூரியனுக்குரிய இடம்

திருகோணமலை வட அகலக்கோடு 8.57 பாகையிலும், கிழக்கு நெட்டாங்கு 81.23 பாகையிலும் அமைந்திருக்கிறது. நமது கடிகாரமோ 82.5 பாகை நெட்டாங்கைக் கொண்டு ஓடுகிறது. இந்த வேறுபாட்டினால் மட்டும் சூரியன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ 5 நிமிடம் தாமதமாகிறது. மார்ச் 21இல் பூமியின் ஓட்டத்தினால் இன்னும் 7 நிமிடம் சேர்ந்து, அன்றைய உச்சி நேரம் 12.12 மணி அளவில் அமைகிறது. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால், காலை 7.30 மணிக்குச் சூரியன் அடிவானத்துக்கு மேலே 19 பாகை உயரத்தில், வடக்கிலிருந்து 93 பாகைத் திசையில் நிற்கிறது. கமரா 28 பாகையைப் பார்ப்பதால், வெயில் வலப்பக்கத்திலிருந்து 65 பாகைக் கோணத்தில் வருகிறது. பாறையின் மடிப்புகளையும் மணலின் மேடுபள்ளங்களையும் எடுத்துக்காட்ட இதைவிட நல்ல பக்கவெளிச்சம் கிடைப்பது அரிது.

கணக்குப் போட விருப்பமில்லாதவர்கள் சன் பொசிஷன் என்ற இலவச இணைப்பைப் பயன்படுத்தலாம். அகலக்கோடு, நெட்டாங்கு, திகதி, மணி ஆகியவற்றைக் கொடுத்து, நேர வலயத்தை 5.5 என்று இட்டால் அது சூரியனைத் தானாகவே உரிய இடத்தில் வைத்துவிடும். எந்த வழியில் வைத்தாலும் ஒரு சோதனையைத் தவறவிடக் கூடாது: ஒரு மீற்றர் உயரமுள்ள கம்பு ஒன்றைக் காட்சியில் நட்டுப் பாருங்கள். 19 பாகை உயரச் சூரியனில் அதன் நிழல் 2.9 மீற்றர் நீண்டு, மேற்கிலிருந்து மிகச் சற்றே வடக்காகச் சாய வேண்டும். நிழல் வேறு பக்கம் விழுந்தால் சுழற்சியின் திசை தலைகீழாகியிருக்கிறது என்று பொருள்.

மாதத்தை மாற்றினால் எல்லாம் மாறும். அதே 7.30 மணிக்கு ஜூன் 21இல் சூரியன் 22 பாகை உயரத்தில் 68 பாகைத் திசையிலும், டிசம்பர் 21இல் 16 பாகை உயரத்தில் 117 பாகைத் திசையிலும் இருக்கும். அதாவது ஆண்டின் போக்கில் காலைச் சூரியன் ஐம்பது பாகை அகலத்துக்கு இடம்பெயர்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: ஏப்ரல் 12 அளவிலும் ஓகஸ்ட் மாத இறுதியிலும் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வருகிறது, அவற்றுக்கு இடைப்பட்ட மாதங்களில் உச்சிச் சூரியன் வடக்கே நிற்கிறது. ஐரோப்பாவில் எடுக்கப்பட்ட வானப் படத்தில் இது ஒருபோதும் கிடைக்காது. எச்டிஆர்ஐ எனப்படும் வானப் படத்தைக் கிடையாகச் சுழற்றித் திசையை மாற்றலாம். ஆனால் அதிலுள்ள சூரியனின் உயரத்தை மாற்ற வழியில்லை. அத்தகைய படத்தைப் பயன்படுத்தத்தான் வேண்டுமென்றால், சூரியனின் உயரம் பொருந்தும் ஒன்றைத் தேடி எடுங்கள்.

வானமும் வெளிப்பாடும்

காட்சியின் சுற்றுப்புறத்தை அமைக்கும் வேர்ல்ட் பகுதியில் ஸ்கை டெக்ஸ்ச்சர் என்ற நோட்டை இணையுங்கள் (நோட் என்பது ஒரு கணக்கைச் செய்து விடையை அடுத்ததற்குக் கொடுக்கும் சிறு கட்டம்). காற்றின் மூலக்கூறுகளும் தூசியும் ஒளியைச் சிதறடிப்பதைக் கணக்கிட்டு வானத்தை உருவாக்கும் இந்த முறை, டொமொயுக்கி நிஷிட்டாவும் அவருடைய குழுவினரும் 1993இல் வெளியிட்ட ஆய்வை அடிப்படையாகக் கொண்டு பிளெண்டரின் 2.90 பதிப்பில் சேர்க்கப்பட்டது. சன் எலிவேஷனுக்கு 19 பாகை. ஓல்டிடியூடுக்கு 2 மீற்றர். எயார், ஓசோன் இரண்டும் 1. தூசிக்கான அளவை 1இலிருந்து தொடங்கி 2 வரை உயர்த்திப் பாருங்கள். கடலோரக் காற்றில் உப்புத்துகளும் ஈரமும் இருப்பதால் சூரியனைச் சுற்றிய வானம் வெளுத்தே தெரியும். பதிப்புக்குப் பதிப்பு இந்த அளவுகளின் பெயர் சற்று மாறலாம்.

சன் டிஸ்க் என்ற தெரிவு சூரியனையும் சேர்த்தே தருகிறது. அதை வைத்துக்கொண்டே தனியாக ஒரு சன் விளக்கையும் போட்டால் காட்சியில் இரண்டு சூரியன்கள் எரியும், நிழலும் இரட்டிக்கும். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தனி விளக்கை விரும்பினால் அதன் கோண அகலம் 0.53 பாகையாக இருக்கட்டும். வானத்தில் சூரியனின் உண்மையான அகலம் அதுவே.

இப்போது காட்சி வெள்ளையாக எரிந்துபோய்த் தெரியும். உண்மையான சூரியனின் வலுவை மென்பொருள் அப்படியே தருவதால் இது எதிர்பார்க்கத்தக்கதே. ஒளியைக் குறைக்காமல் வெளிப்பாட்டைக் குறையுங்கள். மணலில் ஒரு பந்தை வைத்து, அதன் நிறத்தை 0.18 சாம்பலாக்கி, அதன் வெயில் படும் பக்கம் நடுத்தர வெளிச்சத்துக்கு வரும் வரை எக்ஸ்போஷர் அளவை இறக்குங்கள். கணக்கிட்ட ஒளியைத் திரைக்குரிய நிறமாக மாற்றும் வியூ டிரான்ஸ்ஃபோர்ம் பகுதியில் ஏஜிஎக்ஸ் இருக்கட்டும். பிளெண்டர் 4.0இலிருந்து அதுவே இயல்பான தெரிவு. வெள்ளை மேகமும் நுரையும் சட்டென்று வெட்டுண்டு போகாமல், மெல்ல மெல்ல வெளுத்து அடங்குவதற்கு அது வழிசெய்கிறது.

அடுத்ததாக, கடற்கரையில் செய்த தாள் சோதனையை இங்கும் செய்யுங்கள். 0.8 வெண்மையுள்ள தாள் ஒன்றை வெயிலிலும், பலகையின் நிழலிலும் வைத்து ரெண்டர் செய்து, இரண்டின் பிக்சல் மதிப்புகளையும் ஒப்பிடுங்கள். உங்கள் குறிப்பேட்டில் உள்ள விகிதத்தைவிட நிழல் இருண்டிருந்தால், சன் இன்டென்சிட்டியைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பொருத்துங்கள். இந்த ஒரு விகிதம் பொருந்திவிட்டால் பாதி வேலை முடிந்துவிட்டது என்று துணிந்து சொல்வேன்.

ஸ்கை டெக்ஸ்ச்சரில் மேகம் கிடையாது. மார்ச் மாதக் காலையில் கடலுக்கு மேலே சிறு பஞ்சு மேகங்கள் அடிவானத்தை ஒட்டி நிற்பது வழக்கம். நீங்கள் எடுத்த படத்திலிருந்து அவற்றை வெட்டி, தொலைவில் ஒரு தட்டில் ஒட்டி வைத்தால் போதும்.

மலையும் மண்ணும்

நிலத்தின் மேடுபள்ளத்துக்கு, 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடத்திலிருந்து எடுக்கப்பட்ட எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. நமக்குரிய துண்டின் பெயர் என்08இ081. ஆனால் அதில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடைவெளி ஏறத்தாழ 30 மீற்றர். நம் படத்தில் அது அறுபது பிக்சல்களுக்குச் சமம். கடலிலிருந்து செங்குத்தாக எழும் சுவாமி மலையின் முகம் அந்தத் தரவில் வழுக்கிச் சரியும் மண்மேடாகவே தெரியும். ஆகவே தரவை அடித்தளமாக மட்டும் கொள்ளுங்கள். செங்குத்து முகத்தையும் வெடிப்புகளையும், தொலைவு லென்ஸில் எடுத்த படங்களைப் பார்த்துக் கையால் செதுக்குங்கள். கிழக்கு நோக்கிய முகங்கள் வெயிலிலும், மேற்கு நோக்கிய மடிப்புகள் நிழலிலும் இருக்கும்படி அவற்றின் திருப்பம் அமைந்தால், நிறம் பூசுவதற்கு முன்பே மலை அடையாளம் தெரியத் தொடங்கும். பிரெட்ரிக் கோட்டைப் பக்கத்து மரங்களுக்கு, குறைந்த தளங்களைக் கொண்ட நான்கைந்து மர மொடல்களைச் செய்து, ஜியோமெட்ரி நோட் மூலம் தூவிவிடலாம்.

பொருள்களின் நிறத்துக்கு வருவோம். தொடக்கநிலையினர் பலரின் காட்சிகள் செயற்கையாகத் தெரிவதற்குக் காரணம், அவர்கள் தரும் நிறங்கள் உண்மையில் எந்தப் பொருளுக்கும் இல்லாத அளவுக்கு வெளிறியோ செறிந்தோ இருப்பதுதான். கரி தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. புதிதாக வெள்ளையடித்த சுவர் 80 சதவீதம் வரை. இந்த இரண்டுக்கும் வெளியே எந்த நிறத்தையும் வைக்காதீர்கள். காய்ந்த மணல் 35 முதல் 40 சதவீதம். நனைந்த மணல் ஏறத்தாழ அதில் பாதி. இலைகளின் பச்சையை நினைப்பதைவிடக் கறுப்பாக வையுங்கள். ரஃப்னஸ் (பரப்பின் சொரசொரப்பு), நோர்மல் (பரப்பின் நுண்சாய்வு) ஆகியவற்றுக்கான படங்களை நொன்-கலர் என்று குறிக்க மறக்காதீர்கள். குறிக்காவிட்டால் அவற்றின் மதிப்புகள் திரிந்துவிடும்.

மணலை உயரத்தைக் கொண்டு இரண்டாகப் பிரியுங்கள். அலை தொடும் மட்டத்துக்குக் கீழே கறுத்த, பளபளப்பான ஈர மணல். மேலே வெளிறிய, மங்கலான காய்ந்த மணல். இரண்டுக்கும் இடையிலுள்ள கோடு நேராக ஓடக் கூடாது. ஒவ்வோர் அலையும் ஏறி நின்ற இடத்தில் பிறைபிறையாக வளைந்து, அதன் ஓரத்தில் சருகும் சிப்பித் துண்டும் ஒதுங்கிக் கிடக்க வேண்டும். ஈர மணலில் வானத்தின் நீலம் மங்கலாகத் தெரிவதும், மேலே ஓரிரு மீற்றரில் அது சட்டென்று மறைவதும் காட்சியின் நம்பகத்துக்கு மிகவும் உதவும்.

வாடியின் உட்புறத்தைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். அங்கே நேரடி வெயில் இல்லை. ஆனாலும் கிடுகின் அடிப்பக்கம் இளஞ்சூட்டு நிறத்தில் ஒளிர்கிறது. வெளியே மணலில் பட்ட வெயில் மேல்நோக்கித் தெறித்துக் கூரையின் உட்புறத்தை அடைகிறது. அதே வேளை, வாடிக்கு வெளியே அதன் நிழல் விழும் மணல், வான ஒளி மட்டும் பெறுவதால் நீலம் பாரித்திருக்கிறது. இந்த இரண்டு நிறங்களையும் விளக்கு வைத்து உண்டாக்க முயலாதீர்கள். மணலின் வெண்மை சரியாக இருந்து, மங்கலான பரப்புகளில் ஒளி தெறிக்கும் தடவைகளைக் குறிக்கும் டிஃபியூஸ் தெறிப்பின் எண்ணிக்கை குறைந்தது 4ஆக இருந்தால் அவை தாமாகவே வரும். வராவிட்டால், தவறு மணலின் நிறத்தில் இருக்கிறது.

கடல்

தளத்தை அலையாடும் கடலாக்கும் ஓஷன் மொடிபையரைப் போட்டதும் அதன் காற்று வேகம் வினாடிக்கு 30 மீற்றர் என்று இருக்கும். அது மணிக்கு 108 கிலோமீற்றர், புயற்காற்று. மார்ச் மாத டச்பேக்கு அதை 4 முதல் 6 மீற்றருக்குக் குறையுங்கள். அலை நிறமாலைத் தெரிவுகளில் டிஎம்ஏ என்பது ஆழம் குறைந்த கடலுக்கென்றே அமைந்தது. காற்றின் திசையையும் சிந்தித்துக் கொடுங்கள்: வாடைக்காற்று கடலிலிருந்து அலையைக் கரைக்கு விரட்டும், ஆண்டின் நடுப்பகுதியில் வீசும் கச்சான் தரையிலிருந்து கடலுக்குச் செல்வதால், கரையோரத்தில் நீர் தட்டையாகி, சிறு நெளிவுகள் மட்டும் வெளிநோக்கி ஓடும். மீனவர் எவரும் உங்கள் படத்தில் முதலில் பார்ப்பது இதைத்தான்.

நீரின் ஒளிவிலகல் எண் 1.33. நேராகக் கீழே பார்க்கும்போது நீர்ப்பரப்பு 2 சதவீத ஒளியையே திருப்புகிறது. அதனால் காலடியில் அடிமணல் தெரிகிறது. தொலைவில் பார்வை சாயச் சாய அது ஏறத்தாழக் கண்ணாடியாகிறது. அப்படியானால் தூரத்துக் கடல் அடிவானத்தின் அதே வெளிச்சத்தில் இருக்க வேண்டுமே என்று தோன்றலாம். உண்மையில் கடல் வானத்தைவிடக் கறுத்து, அடிவானக் கோடு கூர்மையாகத் தெரிகிறது. நம்மை நோக்கிச் சாய்ந்த அலை முகங்கள்தான் நம் கண்ணுக்குப் படுகின்றன. அவை அடிவானத்தை விட்டு, மேலே உள்ள அடர்நீல வானத்தைப் பிரதிபலிக்கின்றன. கடலைத் தட்டையான தளமாக வைத்து அலையை நோர்மல் படத்தால் மட்டும் காட்டினால் இந்த வேறுபாடு பெரும்பாலும் கெட்டுவிடும். முதல் 200 மீற்றருக்காவது உண்மையான அலை வடிவம் இருக்கட்டும். அதற்கு அப்பால், அலைகள் ஒரு பிக்சலைவிடச் சிறியவையாகிவிடுவதால், ரஃப்னஸைப் படிப்படியாக உயர்த்தினால் சூரியன் பக்கத்து மினுக்கம் இயல்பாகப் பரவும். கடலை 10 கிலோமீற்றர் வரை நீட்டினால் போதும். இந்தக் கண்மட்டத்துக்கு, அதன் விளிம்புக்கும் அடிவானத்துக்கும் இடையே ஒரு பிக்சல் இடைவெளிகூட மிஞ்சாது.

நீரின் நிறத்தை மேற்பரப்பில் பூசக் கூடாது. நீர் சிவப்பு ஒளியை முதலில் உறிஞ்சுவதால், வெண்மணலுக்கு மேலே ஆழம் குறைந்த நீர் இளம்பச்சையாகவும், ஆழம் கூடக்கூடக் கருநீலமாகவும் தெரிகிறது. நீரின் உட்புறம் ஒளியை உறிஞ்சச் செய்யும் வொல்யூம் அப்சோர்ப்ஷன் நோட்டை இணைத்து, அடியில் சாய்வான மணல் தரையை அமைத்தால் நிறமாற்றம் ஆழத்தைப் பின்பற்றி வரும். சைக்கிள்ஸில் ஒளிவிலகும் நீருக்கு அடியில் வெயில் எளிதில் இறங்காது என்பதால், லைட் பாத் நோட்டின் இஸ் ஷடோ ரே வெளியீட்டைக் கொண்டு, நிழல் கதிர்களுக்கு மட்டும் நீரை ஒளிபுகவிடும் பொருளாக மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கரையோர மணல் நீருக்கடியில் இருண்டு கிடக்கும்.

தென்னையின் நிழல்

இலைகளுக்கு, ஒளியை ஊடுருவிப் பரவவிடும் டிரான்ஸ்லூசண்ட் ஷேடரைக் கலக்க வேண்டும். வெயிலுக்கு எதிரே பிடித்த ஓலை மஞ்சட்பச்சையாக ஒளிர்வது அதனால்தான். ஆனால் தென்னையின் உண்மைத்தன்மை மரத்தைவிட அதன் நிழலில்தான் இருக்கிறது. சூரியன் அரைப் பாகை அகலமுள்ள வட்டம் என்பதால், நிழலை உண்டாக்கும் பொருள் விலகிச் செல்லச் செல்ல நிழலின் விளிம்பு மங்குகிறது. தூரத்தை 0.009 ஆல் பெருக்கினால் மங்கலின் அகலம் கிடைக்கும். 15 மீற்றர் உயரத் தென்னையின் கொண்டையிலிருந்து, 19 பாகை வெயிலில், நிழல் மணலைத் தொடும் வரை கதிர் 46 மீற்றர் பயணிக்கிறது; அங்கே மங்கலின் அகலம் 40 சென்ரிமீற்றரைத் தாண்டுகிறது. ஓலையின் ஒவ்வோர் ஈர்க்கும் தனித்தனியாகத் தெரியும் கூர்மையான நிழல், காலை 7.30 மணிக்கு இயற்கையில் கிடையாது. அடிமரத்தின் நிழல் வேரடியில் கத்திபோல் கூர்மையாகத் தொடங்கி, மணலில் நீள நீளக் கரைந்து, கொண்டையில் வெறும் மங்கலான திட்டுகளாக முடிய வேண்டும்.

இடையில் இருக்கும் காற்று

மலைக்கும் கமராவுக்கும் இடையே 1,300 மீற்றர் காற்று இருக்கிறது. அதைச் சேர்க்காவிட்டால் மலை, கைக்கெட்டும் தூரத்தில் வைத்த பொம்மை மலையாகிவிடும். எவ்வளவு சேர்ப்பது என்பதற்கும் கணக்கு உண்டு. பார்வைத் தூரம் எத்தனை மீற்றரோ அதனால் 3.912ஐ வகுத்தால், காற்றின் அடர்த்தி எண் வரும். 20 கிலோமீற்றர் வரை தெரியும் காலையில் அது ஏறத்தாழ 0.0002. இந்த அடர்த்தியில் 1,300 மீற்றரைக் கடக்கும்போது மலையின் சொந்த ஒளியில் 77 சதவீதமே நம்மை வந்தடைகிறது. மீதியைக் காற்றின் வெளிச்சம் நிரப்புகிறது. பாறையின் கருநிழல்கள் நீலச்சாம்பலாக மாறுவது இதனால்தான்.

இதைச் செய்ய இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது, காட்சி முழுவதையும் அடக்கும் பெரிய பெட்டியொன்றில் காற்றுக்குள் ஒளியைச் சிதறடிக்கும் வொல்யூம் ஸ்கட்டர் நோட்டை 0.0002 அடர்த்தியில் வைப்பது. வேர்ல்ட் பகுதியிலேயே வொல்யூமைப் போட்டால், அது எல்லையற்றதாகி வானத்தையும் சூரியனையும் விழுங்கிவிடும். எனவே பெட்டிதான் வேண்டும். இவ்வழி அழகானது, ஆனால் கணினியை வெகுநேரம் உழைக்க வைக்கும். இரண்டாவது, ஒவ்வொரு பிக்சலின் தூரத்தையும் தரும் டெப்த் பாஸை எடுத்துக்கொண்டு, ரெண்டரான படத்தை மாற்றியமைக்கும் கொம்போசிட்டரில், தூரத்தையும் அடர்த்தியையும் பெருக்கி, அதன் எதிர்மத்தை எக்ஸ்போனென்ட் கணக்குக்குக் கொடுத்து, வந்த விடையை 1இலிருந்து கழித்து, அந்த அளவுக்கு அடிவானத்தின் நிறத்தைக் கலப்பது. சாதாரண மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இரண்டாவதையே. அசையாத படத்துக்கு வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. கலக்கும் நிறத்தை மட்டும் மனம்போல் தெரிவுசெய்யாமல், மலைக்குப் பின்னே, அடிவானத்தை ஒட்டிய வானத்திலிருந்தே எடுங்கள்.

ரெண்டர்

இங்கே அதிகம் சொல்வதற்கில்லை. நொய்ஸ் திரெஷோல்ட் (பொறுத்துக்கொள்ளும் புள்ளியிரைச்சலின் அளவு) 0.01, ஒரு பிக்சலுக்கான உச்ச மாதிரிகள் 1,024, அந்த இரைச்சலை நீக்கும் டினொய்ஸருக்கு ஓபன் இமேஜ் டினொய்ஸ். டினொய்ஸர் மணலின் பருபருப்பை வழித்துவிட்டால் மாதிரிகளைக் கூட்டுங்கள். ஓலைகளை ஒளிபுகும் படங்களால் செய்திருந்தால் டிரான்ஸ்பேரண்ட் தெறிப்பை 16க்கு உயர்த்துங்கள். இல்லையேல் அடர்ந்த இலைகளுக்கிடையே கரும்புள்ளிகள் தோன்றும். கிராபிக் அட்டையின் நினைவகம் போதாவிட்டால், தொலைவிலுள்ளவற்றின் டெக்ஸ்ச்சர்களைப் பாதியாகவும் கால்பங்காகவும் சுருக்குங்கள். முடிவை ஓபன் இஎக்ஸ்ஆர் கோப்பாகச் சேமித்தால், வெளிப்பாட்டைப் பின்னர் தரம் கெடாமல் மாற்றலாம்.

வந்த படத்தைக் கடற்கரையில் எடுத்த படத்துக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் முதலில் கறுப்பு வெள்ளையாக்கி, சற்றே மங்கலாக்கிப் பாருங்கள். நிறமும் நுணுக்கமும் போன பின், வானம், கடல், மணல், நிழல் ஆகிய நான்கின் வெளிச்ச வரிசை இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வரிசை மாறியிருந்தால் கொம்போசிட்டரில் ஒட்டுப்போடாமல், ஒளிக்கோ பொருளின் நிறத்துக்கோ திரும்பிச் சென்று திருத்துங்கள். வரிசை சரியென்றால் மட்டும் மெல்லிய ஒளிப்பரவலும் மிகக் குறைந்த அளவில் பிலிம் படத்தின் பருபருப்பும் சேர்க்கலாம்.

அதே காட்சி, மாரி மழையில்

அமைத்த காட்சியை வேறு பருவத்துக்கு மாற்றுவது நல்ல பயிற்சி. வடகீழ்ப் பருவமழைக் காலத்தின் முகில் மூடிய காலையொன்றுக்கு ஸ்கை டெக்ஸ்ச்சரை நீக்கிவிடுங்கள், சூரியனும் வேண்டாம். மூடிய வானம் எங்கும் ஒரே வெளிச்சமாக இருப்பதில்லை. 1942இல் மூன், ஸ்பென்சர் ஆகிய இருவரும் காட்டியபடி, உச்சிவானம் அடிவானத்தைவிட மூன்று மடங்கு வெளிச்சமாக இருக்கும். கோண உயரத்தின் சைன் மதிப்பை இரண்டால் பெருக்கி, ஒன்றைக் கூட்டி, மூன்றால் வகுத்தால் அந்தப் படிமுறை கிடைக்கிறது; இதை மூன்று மெத் நோட்டுகளால் அமைத்துவிடலாம். ஒளி மேலிருந்து வருவதால் வள்ளத்தின் அடியிலும் வாடிக்குள்ளும் விளிம்பற்ற மென்னிழல் தங்கும். மணல் முழுவதையும் ஈர மணலாக்குங்கள்; பாறையையும் கிடுகையும் ஒரு படி கறுப்பாக்கி, ரஃப்னஸைக் குறையுங்கள். ஓஷன் மொடிபையரின் காற்றை 10 மீற்றருக்கு உயர்த்தி, வடகிழக்கிலிருந்து கரைநோக்கித் திருப்புங்கள். பார்வைத் தூரம் 4 கிலோமீற்றராகக் குறைந்தால் அடர்த்தி எண் 0.001 அளவுக்கு ஏறும். மலையின் சொந்த ஒளியில் கால்பங்குக்குச் சற்றே அதிகமான அளவுதான் வந்தடையும், கோபுரத்தின் வண்ணங்கள் ஏறத்தாழ மறையும். எக்ஸ்போஷரை மறுபடியும் அதே சாம்பல் பந்தைக் கொண்டு சரிசெய்துவிட்டு ரெண்டர் பொத்தானை அழுத்துங்கள்.